கோக்ராஜாரில் அப்பா, திபிலிசியில் மகள்

மார்ச் கணக்கு முடிப்பு, அதன் பின்னாலேயே ஆடிட் என்று நாலு மாதமாக எதுவும் எழுத முடியவில்லை. மன்னிக்கவும். இன்று ஞாயிற்றுக்கிழமை. வெளியே நல்ல மழை, உள்ளே கரண்ட் இருக்கிறது. (இரண்டாவதுதான் முக்கியம்.) ரொம்ப நாளாக மனசில் கிடக்கும் ஒரு விஷயத்தை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பொதுத்துறை வங்கி ஒன்றில் அதிகாரி. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். நாக்பூர், விசாகப்பட்டினம், போபால் என்று பெட்டி தூக்கி அலைந்துவிட்டு, 2022-ல் அஸ்ஸாமில் உள்ள கோக்ராஜாருக்கு மாற்றல் வந்தது. அதற்கு முந்தின வருடம்தான் மகள் டாக்டருக்குப் படிக்க ஜார்ஜியா போயிருந்தாள். அமெரிக்காவில் இருக்கிற ஜார்ஜியா இல்லை. கருங்கடலுக்கும் காகசஸ் மலைக்கும் இடையில் இருக்கிற தனி நாடு; தலைநகர் திபிலிசி. வீட்டம்மா எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டு ஊரில். ஆக, ஒரே குடும்பம், மூன்று ஊர், மூன்று மொழி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளோடு போன் பேசுவது வழக்கம். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். ஆரம்பத்தில் அந்தப் பேச்சு எப்படி இருந்தது தெரியுமா? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "பணம் வந்துதா?" "வந்துது." "சரி, அம்மாகிட்ட பேசு." அவ்வளவுதான். அவள் வெளிநாடு போனதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை, அது அவளுக்கும் தெரியும். இரண்டு பேருமே அதைத் தொடாமல் பேசினோம். தொடாமல் பேச வேறு விஷயமும் இல்லை.

எங்களைக் காப்பாற்றியது பொரோ மொழியும் ஜார்ஜிய மொழியும்தான். (போடோ என்று நாம் எழுதுகிறோம். அவர்கள் வாயால் சொல்லிக் கேட்டால் பொரோ.) கவுண்டரில் நிற்கிறவர்களோடு பேச எனக்குப் பொரோ தேவைப்பட்டது. வார்டில் நோயாளிகளோடு பேச அவளுக்கு ஜார்ஜியன் தேவைப்பட்டது. ஒரு நாள் சும்மா, "உங்க ஊர்ல அப்பாவை என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

"மாமா."

"என்னது?"

"மாமான்னா அப்பா. தேதான்னா அம்மா. நெசமாத்தாம்ப்பா."

இதைக் கேட்ட எங்கள் அம்மா, "பெத்த அப்பனையா மாமாங்கானுவ? வெளங்கும்!" என்று சிரித்த சிரிப்பு ஒரு வாரம் ஓடியது. ரொட்டிக்கு அங்கே பெயர் புரி. நம் பூரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒலி தற்செயலாக ஒத்துப்போகிறது. மொழிகளை ஒப்பிடுகிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது. இரண்டு சொல் ஒன்றுபோல் ஒலிப்பதால் மட்டும் உறவு வந்துவிடாது.

உறவு என்று பார்த்தால் பொரோவுக்கும் ஜார்ஜியனுக்கும் ஒன்றும் கிடையாது. பொரோ, திபெத்திய-பர்மிய வகை. காரோ, திமாசா, திரிபுராவின் கொக்போரோக் எல்லாம் அதன் அக்கா தங்கைகள். ஜார்ஜியன், கார்த்வேலிய மொழிக்குடும்பம். அதில் மொத்தமே நாலு பேர்தான்: ஜார்ஜியன், மிங்ரேலியன், ஸ்வான், லாஸ். வேடிக்கை என்னவென்றால், 'நாஸ்திராதிக்' என்று ஒரு கொள்கை உண்டு. அதன்படி ஜார்ஜியனுக்குத் தூரத்துச் சொந்தம் நம்முடைய திராவிட மொழிகள்தான்! பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. மகளிடம் சொன்னபோது, "அப்போ பரீட்சையில கிரேஸ் மார்க் கேக்கலாமாப்பா?" என்றாள்.

சொந்தம் இல்லாவிட்டாலும், வீடு கட்டும் முறை ஒன்றாக இருக்கலாம் இல்லையா? மூன்று மொழியிலும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். 'வீடுகளிலிருந்து' என்பதற்கு பொரோவில் 'நோ-புர்-நிப்ராய்'. வீடு, கள், இலிருந்து. ஜார்ஜியனில் 'சாக்லெபிதான்'. 'சாக்ல்' வீடு, 'எப்' கள், 'இதான்' இலிருந்து. இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே பார்த்துப் பழகினவர்களுக்கு இது அதிசயம். நமக்கு அம்மா வீட்டுச் சமையல்.

உச்சரிப்பில் எனக்கு அதிர்ஷ்டம், அவளுக்கு இல்லை. பொரோவில் ஆறு உயிர். அதில் ஒன்று உதட்டைக் குவிக்காமல் சொல்லும் 'உ'. மற்ற மாநிலத்துக்காரர்கள் தடுமாறுவார்கள். தமிழனுக்கு அது பிறந்ததிலிருந்தே வாயில் இருக்கிறது. 'பந்து', 'காடு' என்று முடிக்கும்போது வருகிற நம் குற்றியலுகரம்தான். தண்ணீர் என்பதை நான் 'துய்' என்று சொன்ன முதல் நாளே, எங்கள் கிளையில் வேலை பார்க்கும் பொரோ தம்பி கையைக் கொடுத்தார். ஆனால் பொரோவில் தொனியும் உண்டு. ஏற்றம், இறக்கம் என்று இரண்டு. அதில் இன்றுவரை நான் பெயில்.

ஜார்ஜியனில் உயிர் வெறும் ஐந்து. மெய்தான் ஆளை அடிக்கும். க, த, ப மாதிரி ஒவ்வொன்றிலும் மூன்று வகை. ஒன்று தொண்டையை மூடி வெடிக்கிற வகை. 'காரி' என்றால் காற்று. அதே 'காரி'யைத் தொண்டையில் வெடித்துச் சொன்னால் கதவு. "கதவைச் சாத்துன்னு சொல்றதா நெனச்சு காத்தைச் சாத்துன்னு சொல்லியிருக்கேன்" என்று மகள் சொல்வாள். 'க்வ்ப்ர்த்ஸ்க்வ்னி' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். எட்டு மெய் வரிசையாக நிற்கும். தமிழில் எழுதினால் புள்ளி வைத்தே பேனா தேய்ந்துவிடும். 'நீ எங்களை உரிக்கிறாய்' என்று அர்த்தமாம்.

சிரிப்பாக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையில் ஒரு பெரிய சங்கதி இருக்கிறது. 'நீ', 'எங்களை' இரண்டும் வினைக்குள்ளேயே அடங்கிவிட்டன. பொரோவில் 'தங்' என்றால் போ. 'தங்குன்' என்றால் போவேன், போவாய், போவான், போவாள் எல்லாமே. யார் என்று வினை சொல்லாது. (மலையாளத்தில் 'ஞான் போகும், அவன் போகும்' என்பது மாதிரி.) தமிழ் வினை யார் செய்தது என்பதைச் சொல்லிவிடும். ஜார்ஜிய வினை இன்னும் ஒரு படி மேலே. யார் செய்தது, யாருக்கு என்று இரண்டையும் சொல்லும். வார்டில் மகள் முதலில் கற்ற வினை வலி. 'ம்த்கிவா' எனக்கு வலிக்கிறது. 'க்த்கிவா' உனக்கு வலிக்கிறது. 'ஸ்த்கிவா' அவருக்கு வலிக்கிறது. பெரியவர்களிடம் கேட்கும்போது கடைசியில் ஒரு 'த்' சேர்த்து 'ரா க்த்கிவாத்?' என்ன வலிக்கிறது உங்களுக்கு? நாம் 'நீ' என்பதை 'நீங்கள்' ஆக்குவது போலவே பன்மையால் மரியாதை. பொரோவிலும் 'நுங்' நீ, 'நுங்தாங்' மரியாதையான நீங்கள்.

இன்னொன்று. நாம் ஒருவர், இருவர், மூவர் என்று மனிதர்களைத் தனியாக எண்ணுகிறோம் அல்லவா? பொரோவில் மனிதருக்கு 'சா' ஒட்டு, பிராணிக்கு 'மா', பழத்துக்கு 'தாய்'. ஒருவர் 'சாசே', ஒரு கோழி 'மாசே', ஒரு மாம்பழம் 'தாய்சே'. ஜார்ஜியனில் எண்ணுவதில் அந்தப் பாகுபாடு இல்லை. ஆனால் 'எனக்கு இருக்கிறது' என்பதில் உண்டு. புத்தகம் இருந்தால் 'மாக்வ்ஸ்', பிள்ளையோ நாயோ இருந்தால் 'ம்காவ்ஸ்' என்று ஒரு வேறு சொல். கார் எதில் சேரும் தெரியுமா? பிள்ளையோடு. நம் ஊரில் காருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோமே, அதைவிட இது பெரிய மரியாதை.

எனக்கு ரொம்பப் பிடித்தது உறவுச் சொல். பொரோவில் என் அப்பா 'ஆபா', உன் அப்பா 'நும்பா', அவன் அப்பா 'பிபா'. அப்பா என்று பொதுவாக ஒரு ஆள் கிடையாது. யாருடைய அப்பா என்பது சொல்லிலேயே இருக்கும். பழந்தமிழில் எந்தை, நுந்தை, தந்தை என்று நமக்கும் இதே ஏற்பாடு இருந்தது. நாம் தந்தையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் செய்யுளுக்கு அனுப்பிவிட்டோம். அவர்கள் இன்னும் சந்தையில் பேசுகிறார்கள்.

இப்படி ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆனது. இனிமேல் சொல்லப்போவது இவ்வளவு சிரிப்பான விஷயம் இல்லை.

2023-ல் ஒரு நாள் ஒரு வயதான அம்மா பென்ஷன் விஷயமாக வந்தார். அஸ்ஸாமியும் தெரியாது, இந்தியும் தெரியாது. பொரோ தம்பி அன்றைக்கு லீவு. எனக்குத்தான் அரைகுறைப் பொரோ இருக்கிறதே! பணம் வந்ததா என்று கேட்டேன். 'ராங் முனாகுய்' என்றார். ராங் என்றால் பணம். 'முன்' என்றால் கிடை. ஜெனரேட்டர் சத்தத்தில் 'முன்' மட்டும் காதில் விழுந்தது. கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டி, அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவரும் நான் ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்துப் போய்விட்டார். அடுத்த வாரம் மறுபடி வந்தார். தம்பி விசாரித்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "சார், மூன்று மாதமாகப் பணம் வரவில்லையாம். போன வாரம் உங்களிடம் சொன்னாராம்."

'முன்பாய்' என்றால் கிடைத்தது. 'முனாகுய்' என்றால் கிடைக்கவில்லை. 'இல்லை' என்பது சொல்லின் வாலில் இருக்கிறது. 'கிடைக்கவில்லை' என்ற நம் சொல்லிலும் வாலில்தானே இருக்கிறது? ஐம்பது வருடம் தமிழ் பேசினவன், வால் வரும்வரை காத்திருக்க வேண்டாமா? கணக்கு எண்ணில் இருந்த கோளாறைச் சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை முந்தின வாரமே கொடுத்திருக்கலாம். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதே வருடம் நவம்பரில் எங்கள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன். 78 வயசு. (ஜார்ஜியனில் இருபது இருபதாகத்தான் எண்ணுவார்கள், 78 என்றால் 'மூவிருபதும் பதினெட்டும்'. பொரோவில் நான்கு நான்காக எண்ணும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அதில் அம்மாவுக்குப் பத்தொன்பது நான்கும் இரண்டும்.) பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று ஆசுபத்திரியில் படுத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். மகளுக்குப் பரீட்சை, விட்டுவிட்டு வந்தால் ஒரு வருடம் போய்விடும். போனில் ஆச்சியிடம், "நான் வரல ஆச்சி, எக்ஸாம் இருக்கு" என்றாள்.

நான் லீவு போட்டு ஊருக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னது: "ஏல, பிள்ள வரலைன்னுட்டாலா. பரவால்ல. படிச்ச பிள்ள."

"பரீட்சைம்மா."

"அதான் சொல்லுதேன்லா. வரலைன்னுட்டா."

அம்மா தேறிவிட்டாள், வாக்கர் வைத்து நடந்தாள். ஆனால் பேத்தி போன் செய்தால் இரண்டு வார்த்தையோடு போனை மருமகள் கையில் கொடுத்துவிடுவாள். மகளுக்குக் காரணம் புரியவில்லை. எனக்கும் சரியாகப் புரியவில்லை.

2024 புத்தாண்டுக்கு மகளின் வீட்டுக்கார அம்மா அவளை விருந்துக்கு அழைத்திருக்கிறார். 'சுப்ரா' என்பார்கள். பெரிய மேசை, கூட்டம், தலைமை தாங்கி வாழ்த்துச் சொல்ல 'தாமாடா' என்று ஒருவர். அன்று இவளுக்கு மருத்துவமனை டூட்டி. 'ஆர் மோவால்' என்று சொல்லியிருக்கிறாள். வரமாட்டேன். அந்த அம்மாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. கூடப் படிக்கும் ஜார்ஜியப் பெண்தான் விளக்கியிருக்கிறாள். ஜார்ஜியனில் 'இல்லை' மூன்று விதம், மூன்றுமே வினைக்கு முன்னால் நிற்கும். 'ஆர்' என்றால் செய்யவில்லை, செய்யமாட்டேன். 'வெர்' என்றால் ஆசை இருக்கிறது, முடியவில்லை. 'நு' என்றால் செய்யாதே. அழுகிற குழந்தையிடம் 'நு திரி', அழாதே. நீ 'வெர் மோவால்' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? மகள் ஓடிப்போய் 'வெர்' போட்டு மறுபடி சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா கட்டிப்பிடித்து, ஒரு தட்டு நிறையப் பலகாரம் கட்டிக் கொடுத்தாராம்.

இதை அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். பொரோவில் எப்படி என்று கேட்டாள். 'தங்கா' போகமாட்டேன், 'தங்னு ஹாயா' போக முடியாது, 'தா தங்' போகாதே என்றேன். தமிழில் எப்படிப்பா என்றாள். வரமாட்டேன், வர முடியல, வராதே என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன்.

அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, நான் ஆச்சிகிட்ட 'வரல'ன்னுதானே சொன்னேன்?" என்றாள்.

'வரல' தப்பான தமிழ் இல்லை. நாம் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் ஆசுபத்திரியில் கிடக்கிற ஆச்சியிடம் சொல்லும்போது, "வர முடியலையே ஆச்சி" என்று நம் வாயில் தானாக வரும். அவளுக்கு வரவில்லை. அது அவள் குற்றம் இல்லை. நாக்பூரில் இந்தியும் மராத்தியும், விசாகப்பட்டினத்தில் தெலுங்கும் பேசி வளர்ந்த பிள்ளை. வீட்டில் தமிழ் பேசுகிறோமே, போதாதா என்று நான் விட்டுவிட்டேன். ஓர் எழுத்துகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. சனி ஞாயிறு நேரம் இருந்தது. செய்யவில்லை. ஜார்ஜியனில் சொல்வதென்றால் 'வெர்' இல்லை, 'ஆர்'.

"33 எழுத்து மூணே வாரத்துல கத்துக்கிட்டேன். நம்ம எழுத்து ஒண்ணுகூடத் தெரியாதுப்பா" என்றாள். அதில் கோபம் இல்லை. எனக்குத்தான் பதில் இல்லை.

கோக்ராஜாரில் இருந்துகொண்டு எழுத்தைப் பற்றி அலட்சியமாக இருக்க முடியாது. 2011 கணக்குப்படி பொரோ பேசுகிறவர்கள் ஏறத்தாழ 14.8 லட்சம்தான். 1952-ல் பாசுகாவ்ன் என்ற ஊரில் பொரோ சாகித்திய சபை தொடங்கினார்கள். 1963-ல் ஆரம்பப் பள்ளியில் பொரோ வழிக் கல்வி. எந்த எழுத்தில் எழுதுவது என்று 1974-ல் பெரிய போராட்டம்; ரோமன் எழுத்து கேட்டார்கள், உயிர்கள் போயின. கடைசியில் 1975-ல் தேவநாகரி. 2003-ல் எட்டாவது அட்டவணையில் இடம், 2020-ல் அஸ்ஸாமின் இணை ஆட்சிமொழி. ஜார்ஜியாவில் 1978 ஏப்ரல் 14 அன்று, புது அரசியல் சட்டத்தில் ஜார்ஜியனின் ஆட்சிமொழித் தகுதியை எடுக்கப் பார்க்கிறார்கள் என்று திபிலிசியில் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். சோவியத் ஆட்சியில்! அரசு பின்வாங்கியது. இன்றும் ஏப்ரல் 14 அவர்களுக்கு மொழி நாள். 1965-ஐக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியும். ஆனால் போராடாமல், யாரும் பிடுங்காமல், சோம்பலினால் மட்டுமே ஒரு பிள்ளைக்கு எழுத்து இல்லாமல் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அன்று ராத்திரியே அ, ஆ எழுதிப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். வாரம் ஒரு வரிசை. உச்சரிப்பை அவள் ஜார்ஜிய எழுத்தில் பக்கத்தில் குறித்துக்கொண்டாள். 'ழ'வுக்கு மட்டும் 33-ல் ஒன்றும் பொருந்தவில்லை.

2024 ஏப்ரல் 14. இங்கே பொரோக்களின் பைசாகு பண்டிகை, தெருவெல்லாம் மேளமும் ஆட்டமும். அங்கே மொழி நாள். ஊரில் சித்திரை ஒன்று. அன்றைக்கு மகள் ஒரு தாளில் தன் கையால் எழுதிப் படம் எடுத்து அவள் அம்மாவுக்கு அனுப்பினாள், ஆச்சியிடம் காட்டச் சொல்லி. இரண்டே வரி. 'ஆச்சி, அன்று வற முடியவில்லை. வற ஆசை இருந்தது.'

எங்கள் அம்மா அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. கண்ணாடியைத் தேடிப் போட்டு, எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தாளாம். அப்புறம் எனக்குப் போன்.

"ஏல, சின்ன ர போட வேண்டிய எடத்துல பெரிய ற போட்டிருக்கா. நீ பாக்கலியா?"

"பாத்தேம்மா."

"பாத்துட்டு சும்மாவா இருந்த? திருத்திக் கொடு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "முடியலைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றாள். அப்புறம், "அவளை ராத்திரி பேசச் சொல்லு" என்றாள்.

அன்று ராத்திரி இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெகு நேரம் மகளின் போன் எங்கேஜ்டாக இருந்தது.

வெளியூரில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை விதமாக 'இல்லை' சொல்லத் தெரியும் என்று ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். ஊரில் யாராவது படுக்கையில் விழுவதற்கு முன்னால்.

மழை விட்டுவிட்டது. கரண்டும் போய்விட்டது. அப்புறம் பார்க்கலாம்.